குகனின் இன்டெக்ஸும் நின்றுபோன பதிவும்

காலையில் பதிவுக் கவுண்டர் நின்றுபோனது. கணினி அணையவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. கவுண்டரில் இருந்த ராணி அக்கா ஒரு குடும்பத்தின் விபரத்தைத் தட்டி 'சேவ்' கொடுப்பார். திரை அப்படியே உறைந்து நிற்கும். வெளியே மூதூரில் இருந்து லோஞ்சில், அதாவது மோட்டார் படகில், வந்த சனம் நிவாரண அட்டைக்காக வெயிலில் நின்றது. சண்டைக் காலம், தரைப்பாதை மூடியிருந்தது. பின்னேரக் கடைசி லோஞ்சைத் தவறவிட்டால் அவர்களுக்குத் திரும்பிப் போக வழியில்லை.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், இடம்பெயர்ந்தவர்களுக்கு உலர் உணவு கொடுக்கும் அலுவலகம் அது. அதன் டேட்டாபேஸைத் தொடக்கத்தில் கட்டியவள் நான்.

பதிவு நின்றதும் என் மனதில் முதலில் வந்தது சனத்தின் நினைப்பு இல்லை. "நல்லா வேணும் குகனுக்கு" என்பதுதான்.

குகன் வந்த பிறகு

குகன் சாம்பல்தீவுப் பெடியன். கொழும்பில் படித்துவிட்டு எனக்கு உதவியாக வந்தான். அப்போது அட்டை இலக்கத்தை வைத்துக் குடும்பத்தைத் தேடும் குவெரி ஊர்ந்துகொண்டிருந்தது. குடும்பங்களின் விபரங்கள் இருக்கும் டேபிள் முழுவதையும் வரிவரியாக வாசித்துத்தான் விடை சொல்லும். அந்த இலக்கத்துக்கு, புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி, ஓர் இன்டெக்ஸ் போட்டால் சரி என்று எனக்கும் தெரியும். ஆட்கள் வராத ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று வைத்திருந்தேன். குகன் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்து முடித்துவிட்டான்.

அன்றிலிருந்து மனேஜர் வாயில் ஒரே பெயர்தான். "குகனைக் கேளுங்கோ. குகன் பார்ப்பார்." அவருடைய அறையில் அவனுக்கென்று ஒரு கதிரையே போட்டாயிற்று. அத்தனை வருடமும் நான் அந்த அறையில் நின்றபடிதான் கதைத்தேன். அந்தக் கதிரையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

யார் யாரை மறித்தது

"என்ன பிள்ளை நடக்குது?" என்று மனேஜர் ஓடி வந்தார்.

"குகன் போட்ட இன்டெக்ஸ் சேர். புதுசா ஒண்டு பதியேக்க அதிலயும் எழுதவேணும். அதுதான் சுணங்குது. எடுத்துவிட்டாச் சரி."

பாதி உண்மை அது. இன்டெக்ஸ் இருந்தால் பதிவு சற்றே சுணங்கும். ஆனால் நின்றுபோகாது.

குகன் மெல்லச் சொன்னான்: "அக்கா, நேற்றும் அது இருந்ததுதானே?"

அவன் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. மனேஜருக்குச் சாட்சி காட்டவேண்டும் என்று, டேட்டாபேஸோடு எந்தக் கணினியின் இணைப்பு எதற்காகக் காத்திருக்கிறது என்ற விபரத்தைத் திறந்தேன். பதிவுகள் எல்லாம் ஒரே இணைப்பின் பின்னால் காத்து நின்றன. அது மனேஜரின் கணினி. காலையில் முழுக் குடும்பங்களின் அறிக்கையைத் திறந்தவர், முதல் பக்கத்தோடு விட்டுவிட்டு எழும்பிவிட்டார். மிச்சத்தை வாசித்து முடிக்கும்வரை வேறு யாரும் எழுதாதபடி அந்த டேபிளில் போட்ட பூட்டை அது விடாது.

திரையை நான் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இணைப்பைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டு, குகனின் இன்டெக்ஸையும் அழித்தால் பதிவு ஓடும். பழி அவன் தலையில் விழும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் கவுண்டர் ஜன்னலில் எட்டிக் கேட்டாள்: "தங்கச்சி, லோஞ்சுக்கு முதல் முடியுமோ? பிள்ளைக்குக் காய்ச்சல். இரவைக்கு இங்க நிக்க ஏலாது."

ஒவ்வொரு குடும்பத்தையும் பதியுமுன், முன்பே பதிந்திருக்கிறார்களா என்று தேடுவோம். இன்டெக்ஸை எடுத்தால் அந்தத் தேடல் பழையபடி ஊரும். அவள் போகவேண்டிய லோஞ்ச் போய்விடும்.

"ஓம் அக்கா, முடியும்" என்றேன். பிறகு திரும்பினேன். "நான் சொன்னது பிழை சேர். இன்டெக்ஸ் இல்ல காரணம். உங்கட அறிக்கை திறந்து கிடக்குது. அதை மூடுங்கோ."

தன் அறைக்குப் போய் மூடினார். பதிவுகள் கடகடவென்று உள்ளே போயின. கடைசி லோஞ்சுக்கு முன் வரிசை முடிந்தது.

மனேஜர் குகனின் தோளில் தட்டினார். "இனி இப்பிடி நடக்காம நீர்தான் பார்க்கவேணும்."

"கண்டுபிடிச்சது அக்காதான் சேர்" என்றான் குகன்.

"ஓம், ஓம்" என்றபடி அவர் போய்விட்டார். அன்று மாலை வீடு போகும் வழியெல்லாம் எனக்கு அந்தத் தட்டல்தான் நினைவில் நின்றது.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். குவெரி சுணங்கினால் எதையும் அழிக்குமுன், எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். பொறாமையை என்னால் விட முடியவில்லை. ஆனால் பிழை யாருடையது என்று மனம் முந்திக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயரைக் கடைசியாகத்தான் சோதிக்கிறேன்.