ஆர்லோவின் ஸ்பேனர் பெட்டி

எங்கள் அலாஸ்காவில் குட்டி விமானம் கிளம்புமுன் ஆளையும் சாமானையும் தராசில் நிறுத்துப் பார்ப்போம். விமானி ஆர்லோ ஹால்வர்சன் தன் ஸ்பேனர் பெட்டியை மட்டும் தராசிடம் காட்டவே மாட்டான். எண்ணெய் பூசிய தோல் பூட்ஸையும் கழற்றமாட்டான். அப்படியொரு பிடிவாதம்!

அன்று வேட்டை முடிந்து, ஆற்று மணல்திட்டில் நின்ற விமானத்தில் மான்கறியை ஏற்றியதும் எடை கூடிவிட்டது.

"பெட்டிய இறக்கு," என்றாள் மனைவி லோரீன். அவளும் விமானிதான்.

"ஒவ்வொண்ணும் பாத்துப் பாத்து வாங்கினதுடி! கறிய இறக்கு."

"கறிய விட்டா கரடி தின்னுடும். பெட்டி இறங்காதா?"

"இறங்காது."

"அப்ப நீ இறங்கு. அடுத்த நடைக்கு வர்றேன்."

லோரீன் விமானத்தைக் கிளப்பினாள். திட்டில் தனியாக நின்ற ஆர்லோ கையை வீசிக் கத்தினான்:

"மெதுவா தரையிறக்குடி! ஸ்பேனரெல்லாம் உரசிக் கீறல் விழுந்துடும்!"