தாய்மாமன் தேவைப்பட்ட நாள்

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த பாப்பம்மாவுக்குத் தங்கியது இரண்டே பிள்ளைகள். மூத்தவள் ஜெயராணி. ஒன்பது வருசம் கழித்துப் பிறந்தவன் கஜேந்திரன். ஜெயராணியைக் கட்டியவன் ரமேஸ், பொன்னையா கங்காணியின் பேரன். கங்காணி செத்து நாற்பது வருசமாகியும் அந்தச் சனத்துக்குத் தோரணை மட்டும் சாகவில்லை.

பாப்பம்மா போய்ச் சேர்ந்த பிறகு கஜேந்திரனுக்கு அக்கா வீடுதான் வீடு. அங்கே இருந்துகொண்டுதான் குடு என்கிற போதைத் தூளுக்கு விழுந்தான். முதலில் பித்தளைக் குடம் போனது, அப்புறம் டிவி. கடைசியில் தூங்கிக்கொண்டிருந்த அக்கா மகள் தினுஷாவின் காதிலிருந்து தோட்டையே கழற்றிக்கொண்டு ஓடினான். தாய்மாமன் மடி என்று இவன் மடியில் வைத்துக் குத்திய காது அது.

பிறகு கண்டியில் பொட்டலத்தோடு பிடிபட்டு இரண்டு வருசத் தண்டனையோடு மறியலுக்குப் போனான். பார்க்க ஒரு காக்கை வரவில்லை. கடைசி நாலு மாசத்தைக் குண்டசாலைக்கு அந்தப்பக்கம் இருந்த ஒரு மறுவாழ்வு வீட்டில் கழிக்கலாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மொத்தம் பன்னிரண்டு கட்டில். அறுபது நாளுக்கு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கட்டில் காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு; தாண்டியவன் திரும்ப மறியலுக்கு.

முதல் எட்டு நாள் எலும்புக்குள் எறும்பு ஓடியது. ஒன்பதாம் நாள்தான் பிளேன்டீயில் சீனி இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. அந்த வீட்டை நடத்திய டொரதி மிஸ், அறுபதை முடித்தால் அக்குறணையில் உம்மு குல்சும் ராத்தாவின் பேக்கரியில் வேலை என்று பேசியும் வைத்திருந்தார்.

நாற்பத்தோராம் நாள் போன் வந்தது.

"தம்பி, ராணி பேசுறேன்."

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"தினுஷா பெரியவளாயிட்டா. ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துறோம். தாய்மாமன் நீதான் வந்து நிக்கணும்."

"நான் வரலாமாக்கா?"

"நல்லா கேட்ட! கூடப் பொறந்தவன் உசிரோட இருக்கையில பெரியப்பா மகன நிறுத்துனா ரமேஸ் வீட்டாளுங்க என்னையத் தின்னுருவாங்க. சேல, மாலை, தட்டு எல்லாம் வாங்கியாச்சு. நீ கையால தூக்கிக் குடுத்தாப் போதும்."

"வெளிய வந்தா இங்க கட்டில் போயிரும்க்கா. நீ கோர்ட்டுக்கு வந்து எழுதிக் குடுத்தா, மிச்ச நாள நம்ம வீட்டுல இருக்கலாம்னு கேட்டுப் பாக்கலாம்."

"கட்டில் போனா என்னடா, ஒனக்கு வீடில்லையா?"

அதற்கு மேல் அவனுக்கு வேறெதுவும் காதில் ஏறவில்லை. டொரதி மிஸ் இரண்டு நாள் மல்லுக்கு நின்றார்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் கஜேன். சேலைய நான் பார்சல்ல அனுப்புறேன்."

"தாய்மாமன் சீர பார்சல்லயா மிஸ்? ஊரே காறித் துப்பும்."

"அவங்களுக்கு மாமன் வேணும். நீங்க வேணுமான்னு கேட்டீங்களா?"

அவன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய பஸ் ஏறிவிட்டான்.

லயத்து வீடுகளுக்குத் திரும்புகிற முடக்கில் ரமேஸ் காத்து நின்றான். "வாங்க மச்சான்" என்றவன், கட்டிப் பிடிக்கிற மாதிரி வந்து சட்டைப் பையையும் காற்சட்டைப் பையையும் தடவிப் பார்த்தான். "கோவிச்சுக்காதீங்க. வீடு நெறைய நகை போட்ட பொம்பளைங்க."

புது வேட்டி கட்டிவிட்டார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று சுற்று வந்தான். தினுஷா மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மாலையைப் போடக் குனிந்தான். அவன் கை கழுத்துக்குக் கிட்டே வந்ததுதான் தாமதம், பிள்ளை இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டது.

"அடியாத்தி, புள்ளைக்கு ஞாவகம் இருக்கு!" என்றாள் ரமேஸின் சின்னம்மா ஒருத்தி. சபை கொல்லென்று சிரித்தது. போட்டோக்காரன், "மாமா, இங்க பாத்துச் சிரிங்க" என்றான். கஜேந்திரனும் சிரித்தான்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் உள்ளே போனார்கள். அவனுக்கு விறகு அடுக்கிய கொட்டிலில் இலை போட்டார்கள். ரமேஸின் தம்பி ஒருவன் சாராயக் கிளாசோடு வந்து, "மாமன் நனைக்காமப் போனா மரியாதையில்ல" என்று மூக்குக்கு நேரே நீட்டினான். கஜேந்திரன் தலையாட்டி மறுத்தான். "அட, சாமியாராயிட்டாரு!" என்று கிளாசோடு வந்தவன் உள்ளே போய்ச் சொல்ல, அங்கேயும் சிரிப்பு.

ஜெயராணி வந்து, வேட்டியை அவிழ்த்துத் தரச் சொன்னாள். அது வாடகை வேட்டி.

"அக்கா, நாளைக்குக் கோர்ட்டுக்கு வர்றியா?"

"எதுக்கு?"

"எழுதிக் குடுக்க. நான் இங்க இருக்கிறதுக்கு."

"இங்கயா?" அவள் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டாள். "வயசுக்கு வந்த புள்ள இருக்கிற வீட்டுலயா? போன தரம் இருந்தியே, என்னத்தடா மிச்சம் வச்ச?"

"நீதானக்கா வீடில்லையான்னு கேட்ட."

"கேப்பேன். நீ வரணுமில்ல, அதுக்குக் கேப்பேன். நாலரைக்குப் பஸ் இருக்கு. சின்னம்மா பாக்குறதுக்குள்ள பொறப்படு." உளுந்தங்களியைப் பைக்குள் போட்டு அவன் கையில் திணித்தாள்.

பொழுது சாய மறுவாழ்வு வீட்டு வாசலில் வந்து நின்றான். டொரதி மிஸ் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் கட்டிலில் காலையிலிருந்தே மாத்தளைக்காரன் ஒருத்தன் நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

"அவரை எழுப்பி அனுப்பச் சொல்றீங்களா கஜேன்?" என்று கேட்டார். அவன் வேண்டாம் என்றான். அன்றைக்கு அலுவலகத்து வாங்குப் பலகையில் படுத்தான். மறுநாள் கோர்ட்டில் அக்கா வந்திருக்கிறாளா என்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பின்னேரமே மறியலுக்கு ஏற்றிவிட்டார்கள்.

இருபது பேர் படுக்கிற அறையில் ஐம்பது பேர். ராத்திரி ஒன்றுக்குப் போகிற தகர வாளிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அடுத்த பாய்க்காரன் இவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"எங்கண்ணே போயிருந்தீங்க?"

"அக்கா மக சடங்குக்கு."

"நல்லா நடந்துச்சா?"

"நல்லா நடந்துச்சு."

பாய்க்காரன் இடுப்பு மடிப்பிலிருந்து தூள் மடித்த சிகரட் ஈயத்தாளை எடுத்து, "கொஞ்சம் வேணுமா?" என்றான். கஜேந்திரன் கையை நீட்டினான்.