பேச்சர்காகாவின் ஈரக் கை

இடது உள்ளங்கையில் புகையிலையைச் சுண்ணாம்போடு கசக்கிக் கீழுதட்டுக்குள் ஒதுக்கிவிட்டு, அதே கையை வேட்டியில் ஒருமுறை தேய்த்துக்கொண்டு ஊருக்கே காகாவான, அதாவது சித்தப்பாவான, பேச்சர்பாய் பசுவின் அருகில் குந்துகிறார். முதல் பீச்சுகள் வாளிக்குள் விழுந்து நுரை கட்டியதும் இரண்டு விரலை அந்த நுரையிலேயே முக்கிக் காம்புகளை ஈரமாக்குகிறார். பிறகு கட்டைவிரலை மடக்கி, கணுவுக்கும் விரல்களுக்கும் நடுவே காம்பை நெருக்கிச் சரக் சரக்கென்று இழுக்கிறார்.

"ஈரக் கைக்குத்தான் பசு இளகும். வறட்டுக் கையோட போனா, யாரோ விருந்தாளி வந்துட்டான்னு பாலை ஒளிச்சு வெச்சுக்கும்" என்பார்.

கேட்க ஆள் வேண்டும் என்பதில்லை. வடநாட்டில் சரோத்தர்ப் பக்கத்துப் புகையிலைக் காடுகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரில், பேச்சர் என்ற பெயர் அவருக்கு எவ்வளவு பொருத்தம் என்று தெரிந்துகொள்ளத் தமிழ் அறிந்தவர் எவரும் இல்லாதது ஒரு நஷ்டமே. கல்யாண வீட்டில் மற்றவர்கள் மாப்பிள்ளையை ஆசீர்வதிப்பார்கள். இவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து விரல்களை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ம்ஹூம், கறவைக்கு ஆகாது" என்று சொல்லிப் பந்திக்குப் போவார். எதிர்வீட்டுத் திலீப் கறவை இயந்திரம் வாங்கிய அன்று, அழைக்காமலே போய் அதன் நான்கு குழாய்களையும் தடவிப் பார்த்தார். "ஏன்டா திலீப், இதுக்குக் கன்னுக்குட்டி எங்க இருந்து முட்டும்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. திலீப்பும் சிரித்துத் தொலைத்தான்.

அந்தக் கோடையில்தான் ஊர்ப் பால் சங்கத்துக் குளிர்தொட்டியின் பால் முழுவதும் நகரத்துப் பால்பண்ணையிலிருந்து திரும்பி வந்தது. கிருமி மிகுதி என்றார்கள். மறுபடியும் வந்தது. இன்னொரு தடவை இப்படியானால் பால் வண்டியே வராது என்று சொல்லிவிட்டுப் போனார் ஓட்டுநர். வண்டி நின்றால் ஊரில் பாதி அடுப்பு எரியாது.

சங்கத் தலைவி ரேவாபென், "வீட்டுக்கு வீடு தனித்தனியா மாதிரி எடுத்து நீல மருந்து விட்டுப் பார்த்துடலாம். கிருமி இருந்தா நீலம் சீக்கிரம் வெளுத்துடும்" என்றாள்.

பேச்சர்பாய் எழுந்தே விட்டார். "என் கண்ணு இருக்கும்போது மருந்து எதுக்கு ரேவாபென்? நான் போய்ப் பார்க்கறேன். யார் கறக்கறது சரியில்லைன்னு தும்மறதுக்குள்ள சொல்லிடுவேன்."

இப்படியாக அவர் ஒற்றை ஆள் கமிட்டி ஆனார். தலைப்பாகையைப் புதிதாகக் கட்டிக்கொண்டு கொட்டில் கொட்டிலாக நுழைந்தார். ஒரு வீட்டில் மடியைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் கறந்தார்கள். அழுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளியில் விழுந்தது. இன்னொரு வீட்டில் கறக்கும்போதே சாணத்தைப் பெருக்கினார்கள். திலீப்பின் இயந்திரத்தில் ரப்பர் வெடித்து, வெடிப்புக்குள் பழைய பால் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. "பார்த்தியா, இரும்புக்குக் குளிக்கத் தெரியுமா? நீதான்டா குளிப்பாட்டணும்" என்று விளாசினார். கண்டுபிடித்தவை அத்தனையும் உண்மையான குற்றங்கள். ஊர் பயந்துபோய்த் திருந்தியது. திலீப் ரப்பரை மாற்றினான், குழாய்களுக்கு வெந்நீர் விட்டான்.

கமிட்டி முடித்துக் களைத்து வந்தவரிடம் அவர் மனைவி சம்ஜுபென் மோர் கொடுத்தாள். "ஊர் மாட்டையெல்லாம் பார்த்தாச்சு. நம்ம கபரி ஏன் காலைத் தூக்கித் தூக்கி உதைக்குதுன்னு யாராவது பார்த்தீங்களா?"

"அதுக்குக் கண்ணு பட்டிருக்கு. கறுப்புக் கயிறு கட்டியிருக்கேன்ல?"

ஊர் திருந்திய பிறகும் சங்கத்து உடனடிச் சோதனையில் தொட்டிப் பால் தேறவில்லை. ரேவாபென் யாரையும் கேட்காமல் நீல மருந்தை எடுத்துவிட்டாள். வீட்டுக்கொரு கண்ணாடிக் குழாய், வெதுவெதுப்பான தண்ணீரில் வரிசையாக நின்றன. ஊரே சங்க வாசலில் சாயாவைத் தட்டில் ஊற்றி உறிஞ்சிக்கொண்டிருந்தது. பேச்சர்பாய் குழாய்களின் தலைமாட்டிலேயே நாற்காலி போட்டு, திலீப்பின் குழாயைக் கண்கொட்டாமல் பார்த்தார். அது நீலமாகவே இருந்தது. இரண்டாவது சாயா வருவதற்குள் ஓரத்துக் குழாய் ஒன்று வெளுத்தது.

"யாருது அது?" என்று அவர்தான் முதலில் கத்தினார்.

ரேவாபென் குழாயைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் ஒட்டிய சீட்டில் அவர் பெயர்தான் இருந்தது.

"குழாய் அழுக்கு" என்றார். வேறு குழாயில் விட்டார்கள். அதுவும் வெளுத்தது. "கண்ணு" என்றார். அந்தச் சொல் அவர் காதுக்கே மெலிவாகக் கேட்டது.

ஊர் அவருடைய கொட்டிலுக்கு வந்தது. ரேவாபென் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டாள். பாலோடு திரிதிரியாக ஏதோ விழுந்தது. பின்பக்கத்துக் காம்பொன்று தடித்துச் சிவந்திருந்தது. அவள் தொட்டதும் கபரியின் முதுகுத் தோல் ஒருமுறை அலைபோல் ஓடி அடங்கியது.

"இது கண்ணு இல்ல காகா. உங்க கட்டைவிரல். கணுவை வெச்சு அழுத்தி அழுத்திக் காம்பு உள்ளுக்குள்ள புண்ணாயிருக்கு. அதுல எச்சிக் கையை வேற நுரையில முக்கித் தடவறீங்க."

திலீப் பின்னாலிருந்து, "கமிட்டி இந்த வீட்டுக்கு வரலை போல" என்றான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பேச்சர்பாயை அதிகம் சுட்டது. கோபக்காரப் பசு என்றுதானே இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தார்? வலி என்று ஒருநாளும் தோன்றவில்லை.

மாட்டு டாக்டர் வந்து மடிக்குள் மருந்து ஏற்றினார். நோய் ஆறும்வரை அந்தப் பாலை வாய்க்காலில் கொட்டச் சொன்னார். கொட்டினார்கள். அடுத்த முறை போன தொட்டிப் பால் திரும்பி வரவில்லை, வண்டியும் நிற்கவில்லை. கபரி மட்டும் பேச்சர்பாயின் செருப்புச் சத்தம் கேட்டாலே பின்னங்காலைத் தூக்கியது.

அதனால் டாக்டர் வந்த மறுநாள் முதல் ரேவாபென்தான் கறக்க வந்தாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மடியை வெந்நீரால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினாள். வறண்ட உள்ளங்கை முழுவதும் காம்பைச் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழாக விரல் விரலாக மூடினாள். கபரி அசைபோட ஆரம்பித்தது.

பேச்சர்பாய் கொஞ்ச நேரம் தூணருகில் நின்றார். வாயைத் திறந்தார்; அவள் நிமிர்ந்து பார்த்தாள்; மூடிக்கொண்டார். ஈயை விரட்டக் கபரி வாலைச் சுழற்றியது. வால் நுனி ரேவாபென்னின் கன்னத்தில் அடிக்கப் போன சமயம், அவர் பசுவின் பின்னால் ஓசைப்படாமல் போய்ச் சாணத் தரையில் குந்தி, அந்த வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.