இருபதுக்கு இருபத்தெட்டு

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்கு ஜன்னலோரம் ஒரு மேசை. ஊழியர்கள் கணினியில் எழுதும் பாதுகாப்புத் தேர்வுக்குக் கேள்வி போடுவதும் மதிப்பெண் முறை வகுப்பதும் அவன் வேலை. முதலில் எல்லாரையும் குஷிப்படுத்தத்தான் பார்த்தான். சரியான பதிலுக்குப் பலூன் பறந்தது. தப்பான பதிலுக்கும் ஆறுதலாக ஒரு நட்சத்திரம் விழுந்தது. வேகமாகத் தட்டினால் கிரீடம். மெக்கானிக்குகள் கேள்வியைப் படிக்காமலே கிரீடம் சூட்டிக்கொண்டார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது, மனைவியின் தம்பி அங்கேயே மெக்கானிக்காகச் சேர்ந்தபோதுதான். தேர்வில் முதலில் வருபவர் சொல்படிதான் மற்றவர்கள் லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டும் என்பது கம்பெனி விதி.

"உங்க பலூன நம்பியா என் தம்பி உள்ள இறங்கணும்?" என்று கேட்டாள் மனைவி.

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு உருப்படியாக ஒன்று செய்தான். சரியான பதிலுக்கு ஒரு மதிப்பெண். 'தெரியாது' என்று ஒப்புக்கொண்டால் அரை. தெரியாமல் குத்துமதிப்பாக அடித்தால் இரண்டு கழியும். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவன் பெயர் அரை மார்க்.

மச்சினன் இருபது கேள்விகளில் ஆறுக்குத் தெரியாது என்று போட்டு, மற்றதெல்லாம் சரியாக எழுதிப் பதினேழு வாங்கினான். மேனேஜர் நாலே நிமிடத்தில் முடித்தார். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பதினாறு தப்பு. மைனஸ் இருபத்தெட்டு.

அரை மார்க்கைக் கூப்பிட்டு அனுப்பினார். கத்துவார் என்று பார்த்தால், உட்காரச் சொன்னார்.

"முறை நல்லாத்தான் இருக்குப்பா. நம்பருக்கு முன்னாடி ஒரு கோடு வருதே, அதுதான் பாக்க ஒரு மாதிரி இருக்கு. எல்லாருக்கும் எடுத்துடு."

"சார், கோட்ட எடுத்தா..."

"ஒரு கோடுதானேப்பா."

அவன் வாதாடினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டான். ஆக, அதிகம் தப்புச் செய்தவர் முதலிடம். இருபதுக்கு எப்படி இருபத்தெட்டு வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அனுபவத்துக்குக் கூடுதல் மார்க்காக இருக்கும் என்று அவர்களே காரணமும் கண்டுபிடித்துக் கைதட்டினார்கள். அரை மார்க்கும் தட்டினான், கொஞ்சம் சத்தமாகவே.

"யாரு முதல்ல வந்தது?" வீட்டில் மனைவி கேட்டாள்.

"மேனேஜர்."

"பரவாயில்லையே, வேல தெரிஞ்சவருதான் போல."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் போன் செய்தான்.

"மாமா, குழிகிட்ட நிக்கிறேன். மெயின் ஸ்விட்ச அணைக்க வேணாம், அப்படியே இறங்குன்னு மேனேஜர் சொல்றாரு. அணைக்கணும்னுதான் நான் படிச்சேன். ஆனா அவரு இருபத்தெட்டு வாங்கினவரு. நான் படிச்சதுதான் தப்போ?"

பக்கத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நகர்ந்து போய்ப் பேசலாம் என்று பார்த்தான், போகவில்லை.

"இறங்காத. அது மைனஸ் இருபத்தெட்டு. கோட்ட நான்தான் எடுத்தேன்."

மடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"அக்காகிட்ட போனக் குடுங்க" என்றான் மச்சினன்.