சடை மேஸ்திரி

ஆக்னஸ் படம் வரைவாள் என்பது எங்கள் பள்ளியில் யாருக்கும் பெரிய செய்தி இல்லை. ஓவிய டீச்சர் படம் வரையாமல் வேறென்ன செய்வாள்? வேலூரில் பெண்கள் பள்ளி அது. நான் அங்கே கணக்கு டீச்சர். ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை, கிறிஸ்துமஸுக்கு மாட்டுத் தொழுவம், இவ்வளவுதான் பள்ளிக்கூடம் அவளிடம் வாங்கிக்கொண்ட வேலை. மிச்சத்தைப் பார்க்க காட்பாடியில் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

அவள் கணவர் ஆபேல் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் மேஸ்திரி. சுண்ணாம்புக் குழியில் ஆட்களை இறக்கித் தோலை அள்ளிப் போட வைக்கும் வேலை. அவர் ஒரு அதட்டல் போட்டால் கேட் வரைக்கும் கேட்குமாம். ஷிப்டு மதியத்துக்கு மேல்தான். ஆக்னஸ் காலை ஜெபத்துக்கு முன்பே பள்ளியில் இருக்க வேண்டும் என்பதால், மகள் இன்பத்துக்குத் தலை வாரிச் சடை பின்னி அனுப்புவது அவர் பொறுப்பாகிவிட்டது. பிறகு அது அவருக்கே பிடித்துப்போனது. லீவு நாளிலும் அந்த வேலையை ஆக்னஸுக்கு விட்டுத்தர மாட்டார்.

நானே ஒரு சனிக்கிழமை பார்த்திருக்கிறேன். சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு, சிவப்பு ரிப்பனைப் பல்லில் கடித்தபடி பின்னிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு தின்று வெடித்துப்போன விரல்கள். அந்த வெடிப்பில் முடி மாட்டி இழுக்கக் கூடாதென்று தேங்காயெண்ணெயைக் கையில் தடவிக்கொள்வார். குழந்தை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது; மனிதர் ரிப்பனை விடாமல் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். ஆக்னஸ் மூலையில் உட்கார்ந்து பென்சிலால் அதை வரைந்துகொண்டிருந்தாள். அவர் அதைக் கவனித்துச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வரைஞ்சிக்க, வேணான்னு சொல்லல. வீட்டோட வெச்சிக்க."

அவளும் தலையாட்டினாள்.

எண்பத்திரண்டிலோ எண்பத்துமூன்றிலோ, கோடை விடுமுறைப் பயிற்சியில் அவளுக்கு மெட்ராஸ் பெண் ஓவியர்கள் சிலர் பழக்கமானார்கள். அவர்கள் வைத்த கண்காட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சுவரெல்லாம் ஆண்கள். ஒருத்தி முகமே இல்லாமல் மீசையை மட்டும் வரைந்திருந்தாள். இன்னொருத்தி படத்தில் ஒரு பெரிய பூட்ஸ், அதன் அடியில் சமையலறை. எனக்கு அவை ரொம்பப் பிடித்தன. என் தகப்பனாரைத் தெரிந்திருந்தால் உங்களுக்கும் பிடிக்கும்.

ஆக்னஸ் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் உண்மைதான், ஆனால் நான் பார்க்கிற ஆள் இதில் இல்லையே, அவரை யார் வரைவது என்று அவர்களிடம் சண்டைக்கு நின்றாள். புருஷனுக்கு விளம்பரம் போடப் போகிறாயா என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். அந்த ரோஷத்தில்தான் அடுத்த கண்காட்சிக்கு, அவர் சடை பின்னுகிற அந்தப் பென்சில் படத்தை எண்ணெய் வண்ணத்தில் பெரிதாகத் தீட்டினாள். ரிப்பன், வெடித்த விரல், எல்லாம் அப்படியே. அவரிடம் கேட்டாயா என்றேன். மெட்ராஸில் மாட்டுவது ஆம்பூருக்குத் தெரியவா போகிறது என்றாள்.

கண்காட்சியில் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார்கள். அதை விலைக்குக் கேட்டது ரஃபத் ஜஹான் என்ற பெண்மணி. உறவினர் கல்யாணத்துக்கு மெட்ராஸ் வந்தவர், ஆம்பூர்க்காரர். பேச்சுவாக்கில், அவர் கணவர் நயீம் அகமதுவின் கம்பெனியில்தான் ஆபேல் மேஸ்திரி என்று தெரியவந்தது. அங்கேயாவது ஆக்னஸ் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பூரிப்பு தாங்காமல், படத்தில் இருப்பது உங்க மேஸ்திரிதான் என்று சொல்லிவிட்டாள். எனக்கு அவள் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

முதலாளியும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். தன் ஆளுக்கு எவ்வளவு பெரிய மரியாதை என்று நினைத்து, கம்பெனி முன்கூடத்தில், சனிக்கிழமை கூலிக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிற இடத்தில், மனைவி வாங்கிவந்த படத்தை மாட்டிவைத்தார். ஆபேலை வரவழைத்து, தோல் வாங்க வந்திருந்த வெள்ளைக்காரரிடம் இவர்தான் அவர் என்று காட்டவும் செய்தார்.

சாயங்காலத்துக்குள் அவருக்கு 'சடை மேஸ்திரி' என்று பேர் வந்துவிட்டது. குழியில் இறங்கச் சொன்னால், எனக்கும் ரிப்பன் கட்டிவிடு மேஸ்திரி, அப்புறம் இறங்குறேன் என்று ஒருத்தன் தலையைக் குனிந்து காட்டினானாம். அதட்டலுக்குப் பயந்தவர்கள் எல்லாம் அதட்டலுக்குச் சிரித்தார்கள். ஆபேல் வீட்டில் சத்தம் போடவில்லை. மறுநாள் காலை இன்பம் சீப்போடு வந்து முன்னால் உட்கார்ந்தபோது, பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளிடம் போகச் சொன்னார். அதற்கடுத்த நாளும் அதையே சொன்னார்.

ஆக்னஸ் ஆம்பூருக்கு ஓடிப்போய்ப் படத்தைத் திருப்பிக் கேட்டாள். ரஃபத் ஜஹான் மறுக்கவில்லை. அதைத் துணியில் சுற்றித் தரும்போது, இப்படி உட்கார்ந்த ஒரு ஆம்பளையை என் வீட்டில் நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் ஆசைப்பட்டு வாங்கினேன் என்று வருத்தப்பட்டாராம். கேட்டபோது எனக்கு அந்த அம்மாளை நினைத்துத்தான் அழுகை வந்தது.

படம் திரும்பி வந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று ஆக்னஸ் நம்பினாள். ஆபேல் அதை ரொம்ப நேரம் பார்த்தார். அவள் மன்னிப்புக் கேட்டாள். உங்களை மாதிரியும் ஆம்பளைங்க இருக்காங்கன்னு காட்டத்தான் வரைஞ்சேன் என்றாள்.

"நல்லாத்தான் வரைஞ்சிக்கிற. இன்னா தப்பு சொல்ல முடியும் அதுல?" என்றார். "அதை நான் யாரும் பாக்கலன்னு செஞ்சேன் ஆக்னஸ்."

அப்புறம் அவர் மீசை வளர்த்தார், வீட்டிலும் அதட்ட ஆரம்பித்தார். மெட்ராஸ்காரிகள் வரைந்த ஆளாக அவர் மாறியதைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. ஆக்னஸ் மனிதர்களை வரைவதை விட்டுவிட்டாள். பள்ளியில் மேடைத் திரைக்கு மலையும் மரமும் தீட்டினாள்.

ஒரு நாள் ஓய்வறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். தன் கண்ணுக்கு முன்னால்தானே அவருக்குக் கூச்சம், தான் இல்லாதபோதாவது பின்னிவிடுகிறாரா என்று குழந்தையிடம் கேட்டாளாம். அன்றைக்குக் காலையில்கூட வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்திருக்கிறார்கள்.

"சீப்பு எடுத்தாரும்மா" என்றதாம் குழந்தை. "அப்புறம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாரு. ஜன்னலையும் சாத்தினாரு. அப்பவும் பின்னலம்மா, சீப்பைக் கீழ வெச்சிட்டாரு."