கைமேல் உட்காரும் பாடம்

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். என் மாணவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஜொகூரில் ஆக்குப்பேஷனல் தெரபி படிக்கும் பிள்ளைகளை நோயாளிகளின் வீடுகளுக்கு அழைத்துப் போய்ப் பழக்குவது என் வேலை. ஸ்ட்ரோக் வந்தவர் மறுபடியும் தானே சட்டை போட, குளிக்க, சமைக்க வழி செய்துதரும் தொழில் இது. முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: நோயாளி வேலை செய்யும்போது உன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்.

சிரிப்பார்கள். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடக் கஷ்டமான பாடம் கிடையாது. பெரியவர்கள் கையில் எதையாவது தூக்கினால் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளத்தானே அவர்களை வளர்த்திருக்கிறோம்.

மாசாய் ஃபிளாட்டில் ஓர் அக்கா இருந்தார். ஸ்ட்ரோக்கில் வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. அவரும் மகனும் மட்டும்தான். மகனுக்குப் பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை. அம்மாவால் அடுப்படியில் தனியாகச் சமாளிக்க முடியாது என்றால் சிம்பாங் ரெங்கத்தில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக மகன் முடிவு செய்திருந்தான். அக்காவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "என் வீடு இருக்கும்போது நான் எதுக்கு இன்னொருத்தி வீட்டு மூலையில உக்காரணும்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

அவரால் தனியாகத் தே, அதாவது டீ, கலக்க முடிகிறதா என்று பார்த்து எழுதும் பொறுப்பை ஒரு மாணவியிடம் கொடுத்தேன். அக்கா அடுப்பைப் பற்றவைத்தார், தண்ணீர் கொதித்தது. கட்டிப்பால் டின் கொஞ்சம் நழுவியதுதான் தாமதம், இவள் பாய்ந்து பிடித்தாள். "குடுங்க அக்கா, நான் ஊத்துறேன்." ஊற்றினாள், கலக்கினாள், போதாக்குறைக்குக் கப்புகளையும் கழுவி வைத்தாள். பிறகு ரிப்போர்ட்டில் 'உதவி தேவை' என்று எழுதி என்னிடம் நீட்டினாள்.

காரில் வைத்து அதைப் படித்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம். "உதவி யாருக்குத் தேவை? அவங்களுக்கா, உனக்கா? இந்த ஒரு வரியை நம்பி அந்தப் பையன் நாளைக்கே பெட்டியைக் கட்டிடுவான்!"

"பார்த்துட்டு சும்மா இருக்க முடியல, மேடம்" என்று அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. மகனிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினோம்.

அந்த இரண்டு வாரமும் அவள் விடாமல் போய் வந்தாள். ஈரத்துணியை மடித்துப் போட்டு அதன்மேல் டின்னை வைத்தால் நகராது என்று காட்டிக்கொடுத்தாள். கேத்தலில் பாதித் தண்ணீர் போதும் என்று பழக்கினாள்.

மறுபடி பார்க்கும் நாள் வந்தது. மகன் தொழிற்சாலைச் சீருடையோடு வாசற்படியில் சாய்ந்து நின்றான். நானும் மாணவியும் மேசையருகே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவள் கைகள் தொடைக்கு அடியில். டின் நகரவில்லை. அக்கா இடது கையாலேயே கலக்கி முடித்து, கப்பை எடுத்துக்கொண்டு எங்களை நோக்கித் திரும்பினார். ஓர் எட்டு வைத்தார். தே அலம்பியது.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

"மேடம், கை!"

அவளேதான். அவள் கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன; கண்களில் மட்டும் தண்ணீர் கட்டி நின்றது.

"அலமாக்! உக்காருங்க லா, யார் வீட்ல யார் ஓடுறது?" என்றார் அக்கா.

உட்கார்ந்தேன், என் கைகளின்மேல். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. எனக்கே பாடம் எடுத்துவிட்டாளே!

கப் மேசைக்கு வந்து சேர்ந்தது. அக்கா திரும்பிப் போய் அடுத்ததைக் கொண்டுவந்தார். தேயில் இனிப்பு தூக்கலாக இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தோம்.

மூன்றாவது கப் மகனுக்கு. அவர் அதைத் தூக்கியதும் அவன் கை தானாக நீண்டது. எங்களைப் பார்த்தான். பிறகு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அக்கா கப்பை அவன் முன்னால் வைத்தார். "குடிச்சிட்டுக் கெளம்பு, பஸ் வந்துரும். வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா. நான் தே கலக்கி வெக்கிறேன்."

"சரிம்மா" என்றான்.