வெள்ளைச் சட்டியும் இரண்டு சீட்டுகளும்

நெய்வேலி பத்தொன்பதாவது பிளாக்கில் பேச்சியம்மாளைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய வெள்ளைச் சட்டியைத் தெரியாதவர்கள் குறைவு. பால் நிறம், பக்கவாட்டில் மூன்று நீலப் பூக்கள், மேலே கண்ணாடி மூடி. ஷோகேஸில் வைத்துத் துடைக்க வேண்டிய பொருள் போலத் தெரியும் அதை, பேச்சியம்மாள் நேராக எரிகிற கேஸ் அடுப்பில் தூக்கி வைப்பாள். பார்க்க வந்த பெண்கள் "ஐயையோ" என்று இரண்டடி பின்னால் போவார்கள். "வெடிக்காதும்மா, தைரியமா வைங்க" என்று முப்பது வருஷத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாளோ!

அந்தத் தைரியம் சும்மா வந்ததில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்து, பழுப்பு நிலக்கரியைச் சோதிக்கும் லேபில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். நிலக்கரிப் பொடியைச் சின்னச் சின்ன சிலிகா கிண்ணங்களில் போட்டு, எண்ணூறு டிகிரி உலையில் எரித்து, மிஞ்சும் சாம்பலை எடை போட வேண்டும். செக்கச்செவேலென்று வெளியே வரும் கிண்ணத்தைக் கல்மேல் வைத்தாலும் கீறல் விழாது. அதே லேபில் ஒருநாள் யாரோ ஒருவர் சாதாரணக் கண்ணாடித் தட்டை ஹாட் பிளேட்டில் வைத்துவிட்டார். அது வெடித்துத் தெறித்ததில் ஒரு துண்டு பேச்சியம்மாளின் புருவத்தைக் கிழித்தது. ஒரு அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். எந்தக் கண்ணாடி சூடு தாங்கும், எது தாங்காது என்பது அவளுக்குப் புருவத்திலேயே எழுதியிருக்கிறது.

தொண்ணூற்றிரண்டில் மெஷின் பொருத்த வந்த ஒரு வெளிநாட்டு எஞ்சினியரின் குடும்பம், ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமானையெல்லாம் விற்றது. மற்றவர்கள் ஃபிரிட்ஜுக்கும் சைக்கிளுக்கும் முண்டியடித்தார்கள். பேச்சியம்மாள் இந்தச் சட்டியை எடுத்து வந்தாள். மாமியார் அதில் பிளாஸ்டிக் ரோஜாவைச் சொருகி டிவி மேல் வைத்துவிட்டார். இரண்டு வருஷம் அது பூச்சட்டியாகவே காலம் தள்ளியது. மாமியார் கோயில் கொடைக்கு ஊருக்குப் போன வாரத்தில் பேச்சியம்மாள் ரோஜாவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சட்டியை ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தாள். காலையில் அடுப்பில் ஏற்றிப் பால் காய்ச்சினாள். சட்டி அசையவில்லை. பக்கத்தில் நின்ற கணவர் கோபாலகிருஷ்ணன்தான் வாசல்வரை ஓடினார்.

கண்ணாடியாக வார்த்து, மறுபடி பக்குவமாகச் சூடேற்றி, உள்ளுக்குள் பொடிப்பொடியாகப் படிகம் விளைய வைத்த பொருள் அது. சூட்டில் விரிவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் விரிசலும் இல்லை. புளிக்குழம்பு வைத்தாலும் கறுக்காது, மீன்வாடை தங்காது. அந்த வீட்டுக்கு வந்த நான்ஸ்டிக் சட்டிகள் ஒவ்வொன்றாகத் தோல் உரிந்து குப்பைக்குப் போயின. மகள் சண்முகப்பிரியா ஓவன் வாங்கியபோது முதல் கேக் வெந்ததும் இந்த வெள்ளைச் சட்டியில்தான். இப்போது கோயம்புத்தூரிலிருந்து போன் போடும்போதெல்லாம், "இந்தப் பழைய மாடலத் தேடித் தேடி வாங்குறாங்கம்மா. எனக்குத்தான் தரணும்" என்பாள்.

பேச்சியம்மாள் வேறு முடிவு வைத்திருந்தாள். சட்டி வளர்மதிக்கு.

வளர்மதி பக்கத்து ஊரான வடக்குத்துக்காரி. அதே லேபில் பதினேழு வருஷமாகக் காண்ட்ராக்டில் சாம்பிள் இடிக்கிறாள், சலிக்கிறாள். பேச்சியம்மாள் பெர்மனென்ட். சம்பளம் வேறு, கேன்டீன் டோக்கன் வேறு, ஆனால் மத்தியானச் சாப்பாடு ஒரே சட்டியில். ஒயர் கூடையில் வரும் வெள்ளைச் சட்டியை ஓய்வறை அடுப்பில் சூடு பண்ணி, இருவரும் அதிலிருந்தே போட்டுக்கொள்வார்கள். ஒருநாள் இவள் கழுவினால் மறுநாள் அவள். பங்குனி, சித்திரை வந்தால் காடாம்புலியூர் அக்கா வீட்டிலிருந்து வளர்மதி பச்சை முந்திரி கொண்டுவருவாள். பேச்சியம்மாள் அதைப் போட்டுத் தன் ஊர்ச் சொதி வைப்பாள். தேங்காய்ப்பாலில் அந்த முந்திரி வெந்த நாளில் இருவரும் அதிகம் பேசமாட்டார்கள்.

சித்திரையில் பேச்சியம்மாள் ஓய்வு பெற்றாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மகளிடம் போக ஏற்பாடு. வழியனுப்பு விழாவில் செக்ஷன்காரர்கள் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். பிரித்தால் வெள்ளைச் சட்டி, நீலப் பூ, கண்ணாடி மூடி! "நீங்க வச்சிருக்கீங்களே, அதே ஐட்டம்னு கடைக்காரர் சொன்னார் மேடம்" என்றார் செக்ஷன் தலைவர் செங்குட்டுவன், பெருமையாக. பேச்சியம்மாள் தட்டிப் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெறும் வெள்ளைக் கண்ணாடி. குழம்பு ஊற்றிப் பரிமாறலாம், அடுப்பில் வைத்தால் தீர்ந்தது. நல்ல மனசோடு கொடுத்தவர்களிடம் அதைப் போய் எப்படிச் சொல்வது? சிரித்து வாங்கிக்கொண்டாள்.

லாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் வளர்மதி வந்து, செய்தித்தாளில் சுற்றிக் கட்டி 'வளர்மதி' என்று சீட்டு ஒட்டிய சட்டியை வாங்கிக்கொண்டு போனாள். "இன்னிக்கே அடுப்புல ஏத்தி சொதி வச்சிரு" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள் பேச்சியம்மாள்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். பரிசுச் சட்டி என்று நினைத்து, 'கோவை' என்று சீட்டு ஒட்டிய பொட்டலத்தை மூட்டைக்குள் திணிக்கக் கையில் எடுத்தாள். எடுத்த கைக்குத் தெரிந்துவிட்டது. பிரித்தாள். ஒரு பக்கப் பூவில் நீலம் வெளுத்திருந்தது, கைப்பிடி ஓரத்தில் பழைய சிராய்ப்பு. அவளுடைய சட்டி! அப்படியானால் வளர்மதியிடம் போனது?

"என்னங்க, சீட்ட எப்படி ஒட்டுனீங்க?"

"நீ எழுதி வச்ச வரிசையிலதான் ஒட்டுனேன்" என்றார் கோபாலகிருஷ்ணன்.

பேச்சியம்மாள் தலையில் கைவைத்தாள். லேபில் சேர்ந்த முதல் நாள் யாருக்கும் சொல்லப்படும் விதி அது: முதலில் சாம்பிளைக் கட்டு, அப்புறம் சீட்டை எழுது. முன்கூட்டியே சீட்டு எழுதி அடுக்கினால் என்றைக்காவது மாறிப்போகும். முப்பத்தைந்து வருஷம் ஒரு சீட்டுகூட மாற்றி ஒட்டாதவள், மூட்டை கட்டும் அவசரத்தில் எல்லாச் சீட்டையும் மொத்தமாக எழுதி வைத்திருந்தாள்.

வளர்மதிக்குப் போன் அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தாள். எடுக்கவே இல்லை.

புருவத்துத் தழும்பு விண்ணென்று தெறித்தது. கையிலிருந்த சட்டியைச் சுற்றிய தாளோடு ஒயர் கூடையில் போட்டாள், ஸ்கூட்டியைக் கிளப்பினாள். ஜெனரல் ஷிஃப்ட் விட்ட நேரம், ரோடு முழுக்க சைக்கிளும் டூவீலரும். ஒரு வண்டியும் வழிவிடவில்லை. 'கொதிக்கிற தேங்காய்ப்பால் அவ மூஞ்சியில தெறிச்சா நான் என்ன செய்வேன்? ஏத்துன்னு சொன்னவளே நான்தானே' என்று வாய்விட்டுப் புலம்பிக்கொண்டே போனாள். பக்கத்தில் வந்த பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

வளர்மதி வீட்டு வாசலிலேயே தேங்காய்ப்பால் வாசனை வந்தது. பேச்சியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

"ஏட்டி, அடுப்ப அணை!"

அடுப்பில் அலுமினியக் குண்டான். அதில் சொதி கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டி மேலே பரணில், தாள் பாதி பிரிந்தபடி இருந்தது. வளர்மதிக்கு ஒன்றும் ஆகவில்லை. முகம், கை, கண் எல்லாம் முழுசாக இருந்தன. பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, கூடவே அழுகையும்.

வளர்மதி திரும்பிப் பார்க்காமல் கரண்டியால் சொதியைக் கிண்டினாள். "இன்னாக்கா, செருப்போட வூட்டுக்குள்ள வரீங்க?"

"போன் ஏன் எடுக்கல?"

"எடுக்கத் தோணல." கொஞ்சநேரம் கிண்டிவிட்டுச் சொன்னாள். "பதினேழு வருஷமா கழுவிகினு இருக்கேன், பிரிச்ச ஒடனே தெரியாதா எனக்கு? செக்ஷன்ல குடுத்தது இது. நானுந்தான நின்னுகினு கைதட்டுனேன். பொண்ணு கேட்டுச்சுன்னா சொல்லிட்டே அங்க குடுத்திருக்கலாம். எனக்கு அதான்னு சொல்லி ஏன் இதக் குடுக்கணும்? பெர்மனென்ட் பெர்மனென்ட்தான், காண்ட்ராக்ட் காண்ட்ராக்ட்தான்னு நெனச்சிகினேன். பாக்கப் பாக்கக் கோவம் வந்துச்சு, மேல தூக்கி வெச்சிட்டேன்."

பேச்சியம்மாள் ஒயர் கூடையை முன்னால் தள்ளினாள். வளர்மதி குனிந்து பார்த்தாள். பழைய சட்டி. தாளில் 'கோவை' என்ற சீட்டு. அவள் முகம் இன்னும் இறுகியது.

"சீட்டு மாறிப்போச்சுட்டி" என்றாள் பேச்சியம்மாள். "எல்லாத்தையும் மொதல்லயே எழுதி வச்சிட்டேன். அவரு வரிசையா ஒட்டிட்டாரு."

வளர்மதி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "சீட்ட மொதல்லயே எழுதி வெச்சீங்களா? நீங்களா?"

"நான்தான்."

"எங்கள அந்தத் திட்டு திட்டுவீங்க, நீங்களா?" வளர்மதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேறு யார் இந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள்.

பேச்சியம்மாள் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டி, பரணில் இருந்தது அடுப்புக்கு ஆகாத கண்ணாடி என்று சொன்னாள். வளர்மதியின் சிரிப்பு நின்றது.

"கடக்காரன் அதே ஐட்டம்னு சொன்னானேக்கா. கோவம் வரலன்னா ஏத்தியிருப்பேங்க்கா."

"இனிமே நல்லாக் கோவப்படு. எப்ப வேணும்னாலும் படு" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் பேச்சியம்மாள். அந்தக் கையை விடவே மனசில்லை.

கோபாலகிருஷ்ணன் போனில் பதறினார். "ஒண்ணும் ஆகலங்க. சாப்பிட்டு வாரேன்" என்று வைத்தாள்.

வளர்மதி சொதியை வெள்ளைச் சட்டிக்கு மாற்றி மறுபடி அடுப்பில் ஏற்றினாள். பச்சை முந்திரியை அப்போதுதான் போட்டாள். அது வேகும்வரை இருவரும் சட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பழக்கம் போல அதிலிருந்தே இரண்டு தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பிறகு பேச்சியம்மாள் சட்டியைக் கழுவினாள். இன்று அவள் முறை. துடைத்து வளர்மதியின் அலமாரியில் வைத்துவிட்டு, பேனா கேட்டு வாங்கினாள். ஒரு துண்டுத் தாளில் 'வளர்மதி' என்று எழுதி, சட்டியின்மேல் தன் கையாலேயே ஒட்டினாள்.